ஆம், மேலே வந்தார்

அத்தியாயம் ஏழு

கொலைகாரியைப் பிடிக்கக் கிளம்பிய எங்கள் ஸ்கூட்டர், தளி ஊரைத் தாண்டியதும் பஞ்சர் ஆனது.

"சகுனம் சரியில்ல சார். திரும்பிடலாமா?" என்றான் மாதேஸ்வரன்.

"துப்பறிவாளனுக்கு சகுனம் ஏதுடே?"

"அதுவும் சரிதான். சகுனம் பாக்கறவனா இருந்தா உங்ககிட்ட வேலைக்கே சேந்திருக்க மாட்டேன்."

மாதேஸ்வரன் என் உதவியாளன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரன். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் என்னைக் கேலி செய்யத் தெரிந்தவன். நான் மார்த்தாண்டத்திலிருந்து பிழைக்க வந்தவன் என்பதால் ஒரு மொழியில்தான் எனக்குப் புரியும். அதுவே போதுமான அளவு வலிக்கும்.

என் பெயர் வெஸ்லின். ஓசூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே 'வெஸ்லின் டிடெக்டிவ் சர்வீஸ்' நடத்துகிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்தவை: கல்யாண மாப்பிள்ளைகள் பலரின் உண்மையான சம்பளம், அப்புறம் காணாமல் போன ஒரு நாய். அந்த நாய்கூடத் தானாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அது வந்த சமயம் நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கொலை வழக்கு வந்தது என்றால், வந்தவருக்கு மனநிலை சரியில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாதேஸ்வரன் அதை வாய்விட்டே சொன்னான்.

வந்தவள் ரேவதி. சாமல்பட்டியில் தாயோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் இருக்கிறவள். அவளுடைய புருஷன் கௌதம் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சிப்காட் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் முனிராஜ் என்பவனும் அவன் மனைவி மேகலாவும் குடியிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் கௌதம் தன் அறையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு பிரஷர் குக்கர் கிடந்தது.

போலீஸ் கௌதமின் போனைத் திறந்ததும் அவனுக்கும் மேகலாவுக்கும் இருந்த தொடர்பு வெளியே வந்தது. அன்றைக்கு மேகலா தன் கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். முனிராஜின் சட்டையில் ரத்தம் இருந்தது. புருஷனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, மாடிக்குப் போனான், கையில் கிடைத்ததை எடுத்து அடித்தான் என்று வழக்கு முடிந்தது. முனிராஜுக்கு ஆயுள் தண்டனை.

"என் வீட்டுக்காரரக் கொன்னது நெசமாவே அந்த ஆளுதானான்னு எனக்குத் தெரியணும் சார்," என்றாள் ரேவதி. "அடுத்த வாரம் ஹைகோர்ட்டுல அவரு அப்பீல் வருதாம். அதுக்குள்ள சொல்லுங்க."

செத்தவனின் மனைவி, கொன்றவனுக்காகக் கவலைப்படுகிறாள். எனக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. "அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "அந்த வீட்ட நான் பாத்ததே இல்ல சார்," என்றாள். நான் தலையாட்டிக்கொண்டேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

சேலம் ஜெயிலில் முனிராஜைப் போய்ப் பார்த்தேன். "வேல முடிஞ்சு வந்தேன் சார். மேல முனகற சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போய்த் தூக்கினேன். எல்லாம் ஆன அப்பறம்தான் நான் வந்தேன்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மேகலாவின் விஷயம் போலீஸ் சொல்லித்தான் அவனுக்குத் தெரியுமாம். கிளம்பும்போது, "மேகலா ஒழுங்கா சாப்பிடறாளா சார்?" என்று கேட்டான். அந்தப் பெண் ஒரு தடவைகூட அவனைப் பார்க்க வரவில்லை.

அவனை உள்ளே தள்ளியது ஒரே ஒரு சாட்சி. எதிரே மாட்டுக் கொட்டகை வைத்துப் பால் விற்ற முனிலட்சுமி. ஸ்டேஷனில் அவள் சொன்னதாக எழுதியிருந்தது இரண்டே வரி. "மனைவி விஷயமாகச் சண்டை நடந்தது. ஆம், மேலே வந்தார்." கோர்ட்டிலும் அவள் அதையே அடித்துச் சொன்னாள்.

அந்த இரண்டாவது வரியில்தான் என் மூளை வேலை செய்தது.

"கவனிச்சியாடே? அவ நின்னது எங்க? கீழ, கொட்டகையில. கீழ நிக்கறவ 'மேலே போனார்'னுதானே சொல்லணும்? 'மேலே வந்தார்'னு எப்படிச் சொல்லுவா?"

மாதேஸ்வரன் யோசித்தான். "அட, ஆமா."

"அப்படின்னா அவளும் மேலதான் இருந்திருக்கா! கௌதம் ரூம்ல! கொன்னது அவளாக்கும்!"

"எதுக்கு சார் கொல்லணும்?"

"பால்ல தண்ணி இருக்குன்னு சொல்லியிருப்பான்."

"அப்படிப் பாத்தா ஓசூர்ல பாதிப் பேரு உசுரோட இருக்க முடியாதே சார்."

அவன் எப்போதுமே இப்படித்தான். ஆனால் அன்றிரவு எனக்குப் பெருமையில் தூக்கம் வரவில்லை. ஒரு சொல்லை வைத்து ஒரு கொலையைத் துலக்கிவிட்ட முதல் மார்த்தாண்டத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அப்பார்ட்மென்ட் வந்துவிட்டதால், முனிலட்சுமி மாடுகளோடு ஜவளகிரிக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. தலைமறைவு என்று நான் எழுதிக்கொண்டேன்.

இதோ, பஞ்சர் ஒட்டி முடித்து ஜவளகிரிக்கு வந்து சேர்ந்தபோது தலைமறைவுக் குற்றவாளி வீட்டு முன்னால் எல்லாரும் பார்க்கப் பால் கறந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். உறுதியான கைகள். குக்கர் என்ன, கிரைண்டரையே தூக்கி அடிக்கக்கூடியவை என்று மனதில் குறித்துக்கொண்டேன். வண்டியைத் தள்ளி அழுக்கான கையைக் கழுவ மாதேஸ்வரன் தெருக்குழாய்ப் பக்கம் போனான்.

"ஓசூர்லருந்து வாறேன். கௌதம் கேஸ் விஷயமா."

அவள் கை நின்றது. "இன்னும் முடியலியா அது?" என்றாள். பிறகு மறுபடி கறக்க ஆரம்பித்தாள். "கறந்து முடிச்சிடறேன் சாமி. ஆமேலே பேசலாம்."

மேலே பேசலாம்! யாரும் கேட்காத இடத்துக்குக் கூப்பிடுகிறாள். வீட்டின் பக்கவாட்டில் மொட்டை மாடிக்குப் படி இருந்தது. நான் ஏறினேன்.

மாடியில் கொள்ளுச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கட்டியிருந்த நாய் ஒன்று என்னைப் பார்த்து எழுந்து நின்றது. அவள் பின்னால் வந்து தள்ளிவிடக் கூடாது என்று சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். நாய் குரைத்தது. வெயில் சுட்டது. அவள் வரவில்லை. குற்றவாளி என்னைக் காக்க வைத்துக் களைப்படையச் செய்கிறாள் என்று புரிந்துகொண்டு, நான் களைப்படையாமல் இருக்க முயன்றேன். நாய் இன்னும் சத்தமாகக் குரைத்தது.

கீழேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"எங்கப்பா போனாரு உங்க ஐயா?"

"இங்கதான இருந்தாரு?"

எட்டிப் பார்த்தேன். பால் குண்டானோடு முனிலட்சுமியும், ஈரக் கையோடு மாதேஸ்வரனும் நான்கு திசையிலும் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரன் அண்ணாந்தான்.

"சார்! மொட்ட மாடியில என்ன பண்றீங்க?"

"அவங்கதான் மேலே பேசலாம்னு சொன்னாவ!"

"நான் எங்க சொன்னேன்?" என்றாள் முனிலட்சுமி. "ஆமேலே பேசலாம்னுதான சொன்னேன்?"

"பாத்தியாடே? மேலே!"

மாதேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து, மாட்டின் பக்கத்திலேயே குந்திவிட்டான். மாடு விலகி நின்றது.

"சார், இறங்கி வாங்க. அது 'ஆ, மேலே' இல்ல. 'ஆமேலே'. கன்னடம். அப்பறம்னு அர்த்தம். கறந்துட்டு அப்பறம் பேசலாம்னு அந்தம்மா சொன்னா, நீங்க..."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. இறங்கிக்கொண்டிருந்த நானும் பாதிப் படியில் நின்றேன்.

"சார்," என்றான் மெதுவாக. "அந்த சாட்சி..."

"ஆம், மேலே வந்தார்," என்றேன் நான்.

கீழே வந்ததும் அவளை உட்காரச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அம்மா, அன்னைக்கு ஸ்டேஷன்ல என்ன சொன்னீங்க? அதே மாதிரி, உங்க பேச்சிலயே சொல்லுங்க."

"என்னா சொன்னேன்? பொண்டாட்டி வந்தா. ஜகளா ஆச்சு. ஆமேலே முனிராஜண்ணன் வந்தாருன்னு சொன்னேன்."

"ஜகளான்னா சண்டை," என்றான் மாதேஸ்வரன், நான் கேட்காமலேயே.

"எழுதினவர் எந்த ஊர்க்காரர்?"

"உங்க மாதிரியே பேசினாரு சாமி. புதுசா மாத்தலாகி வந்தவரு."

எங்கள் பக்கத்து ஆள். ஒரே சொல்லைத் தப்பாகக் கேட்டு நான் மாடிக்கு ஏறினேன், அவர் எழுதிக்கொண்டார். எங்கள் இருவரில் யார் பெரிய முட்டாள் என்று கேட்டால் நான்தான், சந்தேகமில்லை. அவர் எழுதியதில் ஏதோ இடறுகிறது என்று கண்டும், அந்தத் தவறான வரியை வைத்தே வேறு ஒரு தவறான ஆளைக் கொலைகாரியாக்கியவன் நான்.

"கோர்ட்டுல?"

"வக்கீலு கேட்டாரு, முனிராஜ் மேலே வந்தாரான்னு. நான் சொன்னேன், ஆமேலே வந்தாருன்னு. நல்லாத் தெரியுமான்னாரு. நல்லாத் தெரியும், ஆமேலேதான் வந்தாரு, என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். கம்பெனி பஸ்ஸு அவர இறக்கிவிட்டதே ஜகளா எல்லாம் ஓஞ்ச பிறகுதான்." அவள் என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் சாமி? நான் அவருக்கு நல்லதுதான சொன்னேன்? ஏன் இன்னும் அவர விடல?"

மாதேஸ்வரன் கன்னடத்தில் அவளுக்குச் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தில் எல்லாம் தெரிந்தது. பால் குண்டானைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். காப்பாற்றிவிட்டு வந்ததாக நினைத்திருந்த மனிதனைத் தன் வாயாலேயே ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறாள். கோர்ட்டுக்குப் போன நாளில் அவனுக்காகக் கோயிலில் தேங்காய்கூட உடைத்தாளாம்.

"அழாதீங்கம்மா. திருத்திரலாம்," என்றேன். "முதல்ல பொண்டாட்டி வந்தான்னு சொன்னீங்களே. மேகலாவா? அவ கம்பெனியில இல்ல இருந்தா?"

"மேகலாவா?" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தெனம் எங்கிட்ட பால் வாங்கறவ. அவள எனக்குத் தெரியாதா? இது அவ இல்ல சாமி. அவனோட பொண்டாட்டி. செத்துப்போனவனோட."

"அவ எப்படி அங்க வந்தா?" என்றேன்.

"வீடு எதுன்னு என்னையத்தான் கேட்டா. கௌதம் சம்சாரம்னா. கையில பெரிய பை வெச்சிருந்தா. நான்தான் படியக் காட்டினேன். அத யாரும் கேக்கல. பொண்டாட்டின்னதும், ஆங், பொண்டாட்டி விஷயமா சண்டைன்னு அவரே எழுதிக்கினாரு."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. திரையில் மகளை அணைத்தபடி சிரிக்கும் ரேவதியின் படம். வழக்கு எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படி அடிக்கடி கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முனிலட்சுமி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இவதான் சாமி! இவளேதான்!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாதேஸ்வரன் என் தோளைத் தொட்டான். "எடுங்க சார். கிளையண்ட்டு."

எடுத்தேன். "சார், ஓசூர் வந்திருக்கேன். ஆபீஸ் பூட்டியிருக்கே? படியிலேயே உக்காந்திருக்கேன்," என்றாள் ரேவதி.

"வாறோம்மா," என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

கதைகளில் வரும் துப்பறிவாளர்கள் இந்த இடத்தில் காரைப் பறக்கவிடுவார்கள். நாங்கள் பஞ்சர் ஒட்டிய டயர் மறுபடி இறங்கிவிடுமோ என்று பயந்து, லாரிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போக, ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நான் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட்டவன் அறையில் பிரஷர் குக்கர் எதற்கு? இந்தக் கேள்வியை ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. போலீஸும் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

பேட்டரிக் கடைப் படியில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"முனிலட்சுமியப் பாக்க ஜவளகிரி போயிருந்தோம்மா," என்றேன்.

"வழி காட்டின பால்காரம்மாதான? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அந்த வீட்டையே பார்த்ததில்லை என்றவள் கேட்ட கேள்வி அது. கேட்டதும் அவளுக்கே தெரிந்தது. படியில் மறுபடி உட்கார்ந்தாள். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். மாதேஸ்வரன் கடைக்காரரை ஏதோ சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு வந்து நின்றான்.

"அன்னைக்கு அவருக்குப் பொறந்த நாளு சார்," என்றாள். "மெஸ்ல சாப்பிட்டு வயிறு கெட்டுப் போச்சுன்னு போன்ல சொல்லிக்கினே இருப்பாரு. சொல்லாம போயி சமைச்சுப் போடலாம்னு குக்கர் வாங்கிக்கினு போனேன். உள்ள போனா கொடியில பொம்பளத் துணி. இதென்னன்னு கேட்டேன். சிரிச்சாரு சார். 'வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா'ன்னு சிரிச்சாரு. அப்ப என் கையில இருந்தது அதுதான்."

"அதுக்குப் பிறகு?"

"எப்படி பஸ் ஏறினேன்னே தெரியல. மறுநாள் போலீஸ் போன் பண்ணி, உங்க வீட்டுக்காரரு எறந்துட்டாரு, ஆளப் புடிச்சிட்டோம்னாங்க. ஆளப் புடிச்சிட்டோம்னு சொன்னதும் எனக்கு ஒன்னும் புரியல. நான் இங்க இருக்கேன், யாரப் புடிச்சாங்கன்னு. என் பொண்ணு மடியில இருந்தா சார். வாயத் தொறக்க முடியல. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அவருக்குத் தண்டனையே குடுத்துட்டாங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று தெரியும். வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. அதற்காக முனிராஜிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"அப்படின்னா என்கிட்ட ஏன்மா வந்தீங்க? நீங்களே உங்களப் பிடிக்க ஆள் வச்ச மாதிரி இல்லியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நல்ல டிடெக்டிவ் கிட்ட போக பயமா இருந்துச்சு சார், கண்டுபுடிச்சிடுவாங்கன்னு. யாருகிட்டயும் போகாம இருக்கவும் முடியல. அவரு அங்க உள்ள இருக்காருன்னு நெனச்சா சோறு எறங்கல. நாலு எடத்துல விசாரிச்சேன். எல்லாரும் உங்க பேரச் சொன்னாங்க."

மாதேஸ்வரன் இருமினான். என் வாழ்க்கையிலேயே என்னைப் பற்றி இவ்வளவு சரியாக விசாரித்து வந்த கிளையண்ட் இவள் ஒருத்திதான்.

"கண்டுபுடிச்சிட்டா நல்லதுன்னு ஒரு நாளு நெனப்பேன். கண்டுபுடிக்க மாட்டாருன்னு ஒரு நாளு நிம்மதியா இருப்பேன். அதான் தெனம் உங்களுக்குப் போன் போட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புடவையைச் சரி செய்தாள். "பொண்ண எங்க அம்மா பாத்துக்கும். ஸ்டேஷனுக்குப் போலாம் சார். அடுத்த வாரம் கேஸு வர்றதுக்குள்ள நான் சொல்லிட்டா அவர விட்டுடுவாங்கல்ல?"

"உடனே இல்லன்னாலும் விட்டுருவாங்கம்மா. நீங்க சொல்றதும் பால்காரம்மா சொல்றதும் சேந்தா போதும்."

அவள் ஒரு படி இறங்கிவிட்டு நின்றாள்.

"நான் சொல்றதையாச்சும் சரியா எழுதிக்குவாங்களா சார்?"

"நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஒவ்வொரு வரியா உங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்றேன்," என்றேன்.

அவள் நம்பி வந்த அளவுக்கு நான் மோசமான துப்பறிவாளனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பெண் குழந்தை பள்ளியிலிருந்து வந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் சேலத்தில் கம்பிக்குப் பின்னால், செய்யாத கொலைக்கு ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான். மாதேஸ்வரனை ஆட்டோ கூப்பிடச் சொன்னேன்.